அழகுக்கு ஏன் இத்தனை சலுகை?

அழகான பிள்ளை தறுதலையாகப் போய்விட்டால் வீட்டில் யாரும் அவனைத் தறுதலை என்று சொல்வதில்லை. "அவன் சுபாவமே அப்படி" என்பார்கள். அவன் தம்பி, முகத்தில் ஒரு களையும் இல்லாதவன், ஒழுங்காக வேலைக்குப் போய் முதல் தேதியன்று சம்பளத்தைக் கொண்டுவந்து அம்மா கையில் கொடுப்பான். அவனைப் பற்றி ஒரு வார்த்தை பேச ஆள் இருக்காது. நாவல் எழுதுகிறவர்களும் இந்தப் பாவத்துக்கு உடந்தைதான். அண்ணனை வைத்துத்தான் கதை எழுதுகிறோம். நானும் எழுதியிருக்கிறேன்.

இந்த நீதி மனிதர்களோடு நின்றிருந்தால் நான் சும்மா இருந்திருப்பேன். கார்களுக்கும் இதே நீதிதான் என்பதை என் சொந்தக் காசைச் செலவழித்துத் தெரிந்துகொண்டேன்.

என்னிடம் ஒரு பழைய இங்கிலீஷ் கார் இருக்கிறது. 1960-களில் பிறந்தது. நீலகிரியில் ஒரு தேயிலைத் தோட்டக் குடும்பத்தின் கொட்டகையில் வெகுகாலம் கிடந்து, பிறகு என்னிடம் வந்து சேர்ந்தது. செய்த கம்பெனியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அதைச் சொன்னால் இந்தக் கட்டுரை அந்தக் கம்பெனியைப் பற்றியதாகிவிடும். நான் சண்டைக்கு நிற்பது கம்பெனியோடு அல்ல; என்னையும் சேர்த்து, அந்தக் காரைக் காதலிக்கிறவர்களோடு.

அழகு என்றால் அப்படி ஓர் அழகு. முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை ஒரே கோடு, எங்கும் தடுக்காமல் ஓடும். உள்ளே வால்நட் மரப் பலகை, அதில் வட்ட வட்டமாகக் கடிகாரம் போன்ற முகப்புகள். தோல் இருக்கையின் வாசனையை நுகர்ந்தாலே மனிதனுக்கு ஒரு சமஸ்தானம் கைக்கு வந்ததுபோல் இருக்கும். தெருவில் நிறுத்தினால் ஐந்து நிமிஷத்தில் பத்துப் பேர் கூடிவிடுவார்கள். தெருவில் அதுவாக நின்றுவிட்டாலும் அதே பத்துப் பேர்தான் கூடுவார்கள். இரண்டாவது கூட்டத்துக்கே எனக்கு அதிகப் பழக்கம்.

மற்ற கார் நின்றால் "ரிப்பேர்" என்போம். இந்தக் கார் நின்றால் "அதுக்கு ஒரு குணம் உண்டு சார்" என்று சொல்லவேண்டும். பழைய கார்ப் பிரியர்களின் பாஷை அது. எண்ணெய் ஒழுகினால் "எண்ணெய் இருக்கிறது என்று அர்த்தம்" என்பார்கள். வெயிலில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி என்ஜின் மூச்சடைத்து நின்றால் "இங்கிலாந்து குளிரில் பிறந்த பிள்ளை" என்று பரிவு காட்டுவார்கள். விளக்கு அணைந்தால், அந்த நாட்டுக்காரர்களே தங்கள் விளக்குச் சாமான் வியாபாரிக்கு 'இருளின் இளவரசன்' என்று வைத்த பட்டப்பெயரைச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரித்தவன்தான்.

2022 தை மாதம் நடந்தது இது. திண்டிவனத்தில் ஒரு கல்யாணம். இரவு விருந்து முடிந்து நானும் மனைவியும் பன்னிரண்டு வயது மகளும் சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். மதுராந்தகம் தாண்டியதும் ஒரே நொடியில் எல்லாம் அணைந்தது. முன்விளக்கு, பின்விளக்கு, உள்விளக்கு, என்ஜின், எல்லாம். கரியைப் பூசினாற்போல் இருட்டு. வந்த வேகத்திலேயே உருட்டிச் சாலை ஓரம் நிறுத்தினேன். ஆனால் பாதிக் கார் ஓரத்திலும் பாதிக் கார் சாலையிலுமாக நின்றது. பின்னால் லாரிகள் வந்துகொண்டிருந்தன. பின்விளக்கு இல்லாத கறுப்புக் காரை எந்த லாரிக்காரருக்குக் கண்ணில் படும்?

நான் தள்ளினேன். மனைவி பட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தள்ளினாள். மகள், யாரும் சொல்லாமலே, என் கைப்பேசியை எடுத்து அதன் விளக்கைப் போட்டுக்கொண்டு காருக்குப் பின்னால் நாற்பது அடி தள்ளிப் போய் நின்று கையை ஆட்ட ஆரம்பித்தாள்.

ஒரு லாரி சக்கரம் தேயக் கத்திக்கொண்டு நின்றது. டிரைவர் இறங்கி வந்தார். முதலில் காரைப் பார்க்கவில்லை. என் மகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"புள்ளைய ரோட்டுல நிக்க வெச்சுட்டு என்னத்தய்யா தள்ளிக்கிட்டிருக்க?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. அவர் லாரியை எங்கள் பின்னால் கொண்டுவந்து நிறுத்தி, சிமிட்டும் விளக்குகளைப் போட்டு, கிளீனரையும் கூப்பிட்டுக் காரை ஓரத்தில் தள்ளிவிட்டு, நாங்கள் வாடகைக் காரில் ஏறும் வரையில் முக்கால் மணி நேரம் காவல் இருந்தார். காசு கொடுத்தேன், வாங்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால் விபத்து தப்பிய கதை. முடியவில்லை. இரண்டு மாதம் கழித்துப் பழைய கார்ப் பிரியர்களின் சங்க விருந்து ஒன்றில் இந்தச் சம்பவத்தை நான் தமாஷாகச் சொன்னேன். கதை சொல்லத் தெரிந்தவன் அல்லவா? லாரி டிரைவரின் குரலில் பேசிக் காட்டினேன். மனைவி பட்டுப் புடவையோடு தள்ளியதை நடித்துக் காட்டினேன். மேஜையே குலுங்கச் சிரித்தார்கள். "அதுதான் சார் அந்தக் காரோட குணம்!" என்று ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வீட்டுக்கு வரும் வழியில் மகள் சொன்னாள்: "அப்பா, அது சிரிக்கிற விஷயம் இல்லை. எனக்குப் பயமா இருந்தது."

அன்றைக்குத்தான் எனக்கு இந்தக் 'குணம்' என்ற வார்த்தையின்மேல் வெறுப்பு வந்தது.

மறுநாள் பாயிடம் போனேன். புதுப்பேட்டையில் பழைய கார்களோடு நாற்பது வருஷம் குடித்தனம் நடத்தியவர். அவர் காரின் பலகைக்கு அடியில் படுத்துக்கொண்டு ஒரு பழுப்பு நிற ஒயரை வெளியே இழுத்துக் காட்டினார். மேலே சுற்றியிருந்த துணி, கையில் அப்பளம்போல் நொறுங்கியது.

"சார், இது ஒண்ணுலதான் மொத்த வண்டியும் தொங்குது. லைட்டும் இதுலதான், என்ஜினும் இதுலதான். நடுவுல பியூஸ் கிடையாது. இது குணமும் இல்ல, கிணமும் இல்ல. காசு மிச்சம் புடிச்சிருக்கான்."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் பொன்னெழுத்தில் பொறிப்பேன். அந்தக் காலத்து இங்கிலீஷ் கார்கள் பலவற்றில் மொத்தம் இரண்டே பியூஸ்தான். ஹெட்லைட்டுக்குப் போகும் மின்சாரம் முழுவதும் பலகையிலுள்ள சிறு சுவிட்சின் வழியாகவே போய்வரவேண்டும். மின்சாரம் செய்யும் டைனமோ, என்ஜின் மெதுவாக ஓடும்போது போதிய மின்சாரம் தராது. விசிறி என்ஜினோடு கட்டுண்டது. வண்டி நெரிசலில் நின்றால் அதுவும் சோம்பிவிடும். இவற்றில் எதுவும் கலை ரகசியம் அல்ல. சிக்கனம், அல்லது, இனி மாற்றுவானேன் என்ற அலட்சியம்.

சரித்திரத்தைப் பாருங்கள். டிரையம்ப் ஸ்டாக் என்று ஒரு கார். 1970-ல் வந்தது. இத்தாலியர் ஜியோவன்னி மிக்கலாட்டி வரைந்த உடம்பு. இன்றைக்கும் தெருவில் போனால் திரும்பிப் பார்க்கவைக்கும். அதற்கென்று தனியாக ஒரு வி-8 என்ஜினைச் செய்தார்கள். அதே குடும்பத்தைச் சேர்ந்த ரோவர் கம்பெனியிடம் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு வி-8 என்ஜின் இருந்தபோதே செய்தார்கள். புது என்ஜின் கொதித்துக் கொதித்துப் பேர் வாங்கியது. 1977-ல் நிறுத்தினார்கள், ஏறக்குறைய 26 ஆயிரம் கார்களோடு கதை முடிந்தது. 1968-ல் பல கம்பெனிகளை ஒன்றாகக் கட்டி உண்டாக்கிய பிரிட்டிஷ் லேலண்ட், ஏழே வருஷத்தில், 1975-ல், சர்க்காரின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. மிக்கலாட்டியின் கோட்டில் பிழையில்லை. பட்டறையில் சுத்தியல் பிடித்தவனின் கையிலும் பிழையில்லை. சோதித்துப் பார்க்கவேண்டியதைச் சோதிக்காமல் சந்தைக்கு அனுப்பியவர்களின் பிழை அது. அதை நாம் 'குணம்' என்று கொண்டாடும்போது, வரைந்தவனுக்கும் உழைத்தவனுக்கும் சேரவேண்டிய புகழை எடுத்து, அவசரப்பட்டவனின் கழுத்தில் மாலையாகப் போடுகிறோம்.

அதே மிக்கலாட்டி வரைந்த இன்னொரு கார் நம் ஊர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். இங்கிலாந்தில் 1959-ல் டிரையம்ப் ஹெரால்டாக வந்து, 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டாகச் செய்யப்பட்ட கார். மூக்கு முழுவதையும் முன்னால் சாய்த்துத் திறந்துவிடலாம். மெக்கானிக் சக்கரத்தின்மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். இருபத்தைந்து அடி வட்டத்தில் திரும்பிவிடும். இங்கிலாந்துக்காரர்கள் செய்யாத நாலு கதவு ஹெரால்டையும் நம்மவர்கள் செய்தார்கள். அழகோடு பிரயோஜனமும் இருக்கலாம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ரிப்பேர் செய்கிறவனின் முதுகை நினைத்து வரையப்பட்ட மூக்கு அது.

"கோளாறு போய்விட்டால் ஆத்மாவும் போய்விடும்" என்பது அடுத்த வாதம். இதற்குப் பதிலை ஜப்பான்காரர்கள் 1989-லேயே சொல்லிவிட்டார்கள். இங்கிலீஷ் லோட்டஸ் எலான் மாதிரியான சின்னத் திறந்த காரை, அதே உருண்டை அழகோடு, மாஸ்டா கம்பெனி எம்.எக்ஸ்.-5 என்ற பெயரில் செய்தது. அது மழையிலும் கிளம்பிற்று, வெயிலிலும் கிளம்பிற்று. 2016-க்குள் பத்து லட்சம் செய்துவிட்டார்கள். அதை ஓட்டுகிறவர்கள் ஆத்மா இல்லை என்று அழுததாக நான் கேள்விப்படவில்லை. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

என் காருக்குப் பாய் என்ன செய்தார்? புது ஒயர் இழுத்தார். எட்டு பியூஸ் கொண்ட பெட்டி வைத்தார். ஹெட்லைட்டுக்கு ரிலே வைத்தார்; சுவிட்ச் இப்போது கட்டளை மட்டும் இடுகிறது, சுமையைத் தூக்குவதில்லை. டைனமோவைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டர் மாட்டினார். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலில் கரைந்துபோகும் பழைய ரப்பர் குழாய்களை மாற்றினார். கழற்றிய ஒவ்வொரு சாமானையும் துடைத்து, சீட்டு எழுதிக் கட்டி, ஓர் அட்டைப் பெட்டியில் போட்டு என்னிடம் கொடுத்தார். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது.

அடுத்த கண்காட்சியில் நடுவர் குனிந்து பார்த்தார். ஆல்டர்னேட்டரைக் கண்டார். பிணத்தைக் கண்டதுபோல் முகம் மாறிற்று. "ஒரிஜினல் இல்லையே!" என்று மார்க்கைக் குறைத்தார். பக்கத்தில் நின்ற காருக்குப் பரிசு. அது லாரியில் ஏற்றிக் கொண்டுவரப்பட்ட கார். ஓட்டிக்கொண்டு வந்தவனுக்குத் தண்டனை, சுமந்துகொண்டு வந்தவனுக்கு விருது!

ஒரிஜினல் வேண்டும் என்பவர்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு, மறுக்கவில்லை. சரித்திரச் சான்றாக ஒரு கார் பிறந்தபடியே இருக்கவேண்டுமானால் அதை மியூசியத்தில் வையுங்கள். கண்ணாடி போட்டு, கயிறு கட்டி, விளக்கம் எழுதி வையுங்கள். நான் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து பார்க்கிறேன். திரும்ப மாற்ற முடியாதபடி எதையும் வெட்டவோ துளைக்கவோ கூடாது என்றாலும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாலை மியூசியம் அல்ல. அங்கே லாரி வருகிறது. சைக்கிளில் பால்காரர் வருகிறார். நம்முடைய ரசனைக்காக உயிரைப் பணயம் வைக்க அவர்கள் யாரிடமும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவில்லை.

இன்னொன்றும் கேட்கிறேன். அந்தக் 'குணத்துக்கு' விலை கொடுப்பவர் யார்? கார் நின்றதும் நாம் இறங்கி நிழலில் நின்று, கூடியவர்களிடம் மாடல் வருஷம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை பேரக்குழந்தையோடு இருக்கவேண்டிய பாய் வந்து தார்ச்சாலையில் முதுகைச் சுட்டுக்கொள்கிறார். மனைவி தள்ளுகிறாள். குழந்தை இருட்டில் நின்று கையை ஆட்டுகிறது. ரசிகர் பட்டம் மட்டும் நமக்கு! ஒரு கோளாறை நேசிப்பது சுலபம், அதைச் சுமக்கிறவர் வேறொருவராக இருந்தால்.

போன மாதம் சங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பழைய ஒயரையும் டைனமோவையும் திரும்பப் பொருத்திவிட்டால் அடுத்த வருஷப் போட்டியில் என் கார் முதல் வரிசையில் நிற்கும் என்று அன்போடு எழுதியிருந்தார்கள். பாய் கொடுத்த அட்டைப் பெட்டி பரணில் பத்திரமாக இருக்கிறது. சங்கத்தார் எப்போது வேண்டுமானாலும் வந்து அதை எடுத்துப் போய் முதல் வரிசையில் நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை. கார் கிடைக்காது. நாளை மறுநாள் திண்டிவனத்தில் ஒரு சீமந்தம் இருக்கிறது. இரவுதான் திரும்புவோம்.