செகண்ட் ஹேண்ட் எலெக்ட்ரிக் கார் வாங்கப் போறீங்களா? ஓடோமீட்டரை விடுங்க, பேட்டரியைப் பாருங்க!

டாடா நெக்ஸான் இ.வி. 2020 ஜனவரியில் அறிமுகமானது. அந்தக் காலகட்டத்தில் விற்பனையான எலெக்ட்ரிக் கார்கள் இப்போது செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வருகின்றன. விலை பார்த்தால் ஆசை வரும். ஆனால், நெக்ஸானின் பேட்டரி வாரண்டி 8 ஆண்டு அல்லது 1.6 லட்சம் கி.மீ.தான். 2020-ல் வாங்கிய காருக்கு அது 2028-ல் முடிந்துவிடும். அதன் பிறகு பேட்டரி போனால் செலவு முழுக்க உங்களுடையது. எலெக்ட்ரிக் காரில் விலை அதிகமான பாகமே பேட்டரிதான்.

குறைந்தால் என்ன ஆகும்?

போனில் பழைய பேட்டரி சீக்கிரம் தீர்ந்துபோவது போலத்தான் இதுவும். புதிதாக இருந்தபோது பேட்டரி எவ்வளவு மின்சாரம் பிடித்ததோ, அதில் இப்போது எத்தனை சதவீதம் பிடிக்கிறது என்பதே ‘எஸ்.ஓ.ஹெச்.’, அதாவது பேட்டரியின் ஆரோக்கியம்.

மணவூர், திருத்தணி பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு கணக்கு. திருத்தணியிலிருந்து சென்னை போய்வர சுமார் 170 கி.மீ. புதிதில் ஒரு சார்ஜுக்கு 200 கி.மீ. ஓடிய கார், எஸ்.ஓ.ஹெச். 80 சதவீதம் ஆனதும் 160 கி.மீ.தான் ஓடும். திரும்பி வரும்போது வழியில் எங்காவது சார்ஜருக்குக் காத்திருக்கணும்.

டேஷ்போர்டு காட்டும் ரேஞ்சை நம்பலாமா?

வேண்டாம். கடைசியாக எப்படி ஓட்டினார்களோ, அதை வைத்துப் போடும் கணிப்பு அது. ஏ.சி. இல்லாமல் மெதுவாக ஓட்டி வைத்தால் எண் கூடுதலாகவே காட்டும். ஓடோமீட்டரும் பாதிக் கதைதான். குறைவாக ஓடினாலும், எப்போதும் 100 சதவீதம் சார்ஜோடு வெயிலில் நின்ற காரின் பேட்டரி தேய்ந்திருக்கலாம்.

எப்படிச் சோதிப்பது?

* ரிப்போர்ட்: அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் பேட்டரி ஹெல்த் ரிப்போர்ட் எடுத்துத் தரச் சொல்லுங்கள். சில மாடல்களில் ஓ.பி.டி. கருவியைப் பொருத்தி, போன் ஆப்பிலேயே பார்க்கலாம்.

* யூனிட் கணக்கு: பழைய நெக்ஸான் இ.வி. பேட்டரி 30.2 கிலோவாட் ஹவர். நம்ம இ.பி. பில் கணக்கில் 30 யூனிட். 20-லிருந்து 80 சதவீதம் வரை சார்ஜ் செய்தால் 18 யூனிட் உள்ளே போகணும். வழியில் வீணாவதையும் சேர்த்தால் மீட்டரில் சுமார் 20 ஓடும். 16 யூனிட்டிலேயே 80-ஐத் தொட்டுவிட்டால், பேட்டரி சுருங்கியிருக்க வாய்ப்பு அதிகம். தோராயமான கணக்குதான், ஆனால் ரிப்போர்ட்டோடு ஒப்பிட உதவும்.

* ஓட்டிப் பார்ப்பது: ஏ.சி. போட்டு, ஏற்றம் உள்ள சாலையில், 20 சதவீதத்துக்குக் கீழ் இறங்கும் வரை ஓட்டுங்கள். சார்ஜ் சீராகக் குறையணும். 18-லிருந்து திடீரென 10-க்குக் குதித்தால் சில செல்கள் பலவீனமாக இருக்கலாம்.

* வெள்ளம்: பேட்டரி இருப்பது காரின் அடியில். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் கார் தண்ணீரில் நின்றதா என்று சர்வீஸ், இன்ஷூரன்ஸ் கிளைம் வரலாற்றில் பாருங்கள்.

எத்தனை சதவீதம் இருந்தால் ஓகே?

சுமார் 5,000 மின் வாகனங்களின் தரவை வைத்து ஜியோடாப் நிறுவனம் 2024-ல் வெளியிட்ட ஆய்வில், தேய்மானம் ஆண்டுக்கு சராசரியாக 1.8 சதவீதம். அப்படியானால் 5 வயது காரில் 90 சதவீதம் அளவுக்கு இருக்கணும். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் திருத்தணி போன்ற ஊர்களில் இன்னும் கொஞ்சம் குறையலாம். ஐரோப்பாவின் ‘யூரோ 7’ விதி, 5 ஆண்டு அல்லது 1 லட்சம் கி.மீ. வரை குறைந்தது 80 சதவீதம் இருக்க வேண்டும் என்கிறது. அதற்கும் கீழே என்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், இல்லை விட்டுவிடுங்கள்.

வாரண்டி உங்களுக்கும் உண்டா?

பலரும் ஏமாறும் இடம் இதுதான். ‘லைஃப்டைம் வாரண்டி’ என்பது பெரும்பாலும் முதல் உரிமையாளருக்கு மட்டும். மஹிந்திரா பி.இ. 6, எக்ஸ்.இ.வி. 9இ கார்கள் கை மாறினால், முதல் டெலிவரி தேதியிலிருந்து 10 ஆண்டு அல்லது 2 லட்சம் கி.மீ. ஆகச் சுருங்கும். எம்.ஜி. வின்ட்சரில் 8 ஆண்டு அல்லது 1.6 லட்சம் கி.மீ. வின்ட்சரை, பேட்டரிக்கு கி.மீ. கணக்கில் பணம் கட்டும் திட்டத்திலும் விற்றார்கள். அப்படி வாங்கிய கார் என்றால் பேட்டரி பாக்கி தீர்ந்ததா என்று கேளுங்கள்.

இன்னொன்று, பல நிறுவனங்கள் 70 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் பேட்டரியை மாற்றித் தரும். 75 சதவீதத்தில் நிற்கும் காரில் ரேஞ்சும் குறைவு, கிளைமும் கிடைக்காது. எத்தனை சதவீதம், இன்னும் எத்தனை மாதம், உங்கள் பெயருக்கு மாறுமா என்ற மூன்றையும் நிறுவனத்திடமே எழுத்தில் கேளுங்கள். அந்தப் பதிலும் ஹெல்த் ரிப்போர்ட்டும் கையில் வரும்வரை அட்வான்ஸ் கொடுக்காதீங்க.