கருமருந்துக்கும் ஒரு களம் வேண்டும்

பிரெஞ்சுப் படையிலிருந்து ஓய்வுபெற்ற என் மாமா பாரிஸ் பக்கம் இருக்கிறார். 1851 கோல்ட் நேவி ரிவால்வரின் இத்தாலிய நகல் ஒன்று வைத்திருக்கிறார். உலோகத் தோட்டா போடாத, 1900க்கு முந்தைய மாதிரியின் நகலை அங்கே வயதுவந்தவர் உரிமமின்றி வாங்கலாம். மாமா அதன் சுழல் உருளையின் ஒவ்வொரு அறையிலும் கருமருந்து கொட்டி, ஈயக் குண்டை அழுத்தி, மேலே கொழுப்பு பூசுவார். தீ பக்கத்து அறைக்குத் தாவக் கூடாதே! பிறகு பின்புறம் மருந்தைப் பற்றவைக்கும் கேப்பு மாட்டுவார். அந்த நிதானம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

எங்கள் ஊரான காரைக்காலை விட்டுப் பிரெஞ்சு ஆட்சி 1954 நவம்பர் 1 அன்று போனது. இங்கே இப்போது இருப்பது 1959ஆம் ஆண்டின் இந்திய ஆயுதச் சட்டம். சுடக்கூடிய நகலுக்கும் உரிமம் வேண்டும். அதை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன். வீட்டு அலமாரியில் துப்பாக்கி வேண்டாம். ஆனால் அரசு மேற்பார்வையில், ஆயுதத்தை அங்கேயே பூட்டிவைக்கும் சுடுகளம் ஒன்றை நம்மூரில் திறக்கலாம். ஊருக்கு வரும்போது பிள்ளைகளுக்குக் கற்றுத்தர மாமா தயாராக இருக்கிறார்.