வண்டியில் ஸ்டிக்கர் ஒட்டப் போகிறீர்களா? முதலில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்!

பட்டறைப் பக்கம் - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். நாங்கள் மூன்று ஏக்கரில் விவசாயம் செய்கிறோம். வாரத்தில் மூன்று நாள் காய்கறி, நாட்டுக்கோழி முட்டை, செக்கு எண்ணெய் எல்லாவற்றையும் குட்டியானை வண்டியில் ஏற்றி, டவுனில் தெருத்தெருவாக விற்கிறோம். பழைய வண்டிதான். பின்னால் தகரக் கூண்டு கட்டியிருக்கிறோம். பண்ணைப் பெயர், போன் நம்பர், படம் எல்லாம் போட்டு வினைல் ஸ்டிக்கர் அச்சடிக்கச் சொல்லியிருக்கிறோம். ஒட்டுவதற்குத் தனிக் கூலி கேட்கிறார்கள். பிளஸ் டூ முடித்த என் மகன், 'நானே ஒட்டுறேம்மா' என்கிறான். அவன் அப்பாவோ, 'காசைக் கரியாக்காதே' என்கிறார். வீட்டில் ஒரு வாரமாக இதே பேச்சு. மகனை நம்பி விடலாமா?

- ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: வணக்கம் சகோதரி. உங்கள் மகனும் சரி, அவன் அப்பாவும் சரி, இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வண்டியில் சில இடங்களை உங்கள் மகன் தாராளமாக ஒட்டலாம். சில இடங்களைக் கடைக்காரரிடம் விட்டுவிடுவதுதான் லாபம். எது எது என்று சொல்வதற்கு முன்னால், நான் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பால் வண்டிக்கு முதல் தடவை ஸ்டிக்கர் ஒட்டியது நான்தான். சித்திரை மாதம், காலை பதினொரு மணி. வண்டி வெயிலில் நின்றது. வண்டி பளபளப்பாக இருக்கட்டுமே என்று முதல் நாள் சாயங்காலம் டீசல் துணியால் வேறு துடைத்து வைத்திருந்தேன். பின்பக்கத் தாளை முழுசாக உரித்து, இரண்டு கையாலும் தூக்கிப்போய் வைத்தேன். சூட்டில் பசை ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டது. நகர்த்த முடியவில்லை. இழுத்தேன், ஸ்டிக்கர் நீண்டது. போன் நம்பர் நடுவில் ஒரு மடிப்பு விழுந்து, 8 என்பது 3 மாதிரி தெரிந்தது. மூன்றாவது வாரம் டீசல் பட்ட ஓரம் எல்லாம் தூக்கிக்கொண்டது. அச்சடித்த காசும் போனது, அந்த மூன்று வாரமும் யாருக்கோ போன் போனது. கை வேலையில் எனக்குப் பெரிய குறை இல்லை. ஒட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டியதை நான் செய்யவே இல்லை. விதை நேர்த்தி செய்யாமல் விதைத்துவிட்டு, முளைப்பு சரியில்லை என்று புலம்புகிற கதைதான்.

கடையிலேயே கேட்க வேண்டியவை

அச்சடிக்கும் முன் மாதிரியை வாங்கிப் பாருங்கள். அதில் இருக்கிற நம்பரைப் பார்த்து, வேறொரு போனிலிருந்து டயல் செய்யுங்கள். உங்கள் போன் அடித்தால்தான் 'சரி' என்று சொல்ல வேண்டும். எழுத்து அளவுக்கு ஒரு பொதுக் கணக்கு உண்டு. பத்து அடி தூரத்திலிருந்து சிரமமில்லாமல் படிக்க ஓர் அங்குல உயரம் வேண்டும். தெருவின் அந்தப் பக்கம் 30 அடியில் நிற்பவருக்கு நம்பர் தெரிய வேண்டுமானால், மூன்று அங்குலம்.

அடுத்து, ஸ்டிக்கரின் ரகம். வினைல் என்பது பின்னால் பசை பூசிய பி.வி.சி. படலம். மோனோமெரிக், பாலிமெரிக், காஸ்ட் என்று மூன்று ரகம் சொல்வார்கள். மோனோமெரிக் விலை குறைவு, ஆனால் வெயிலில் சீக்கிரம் சுருங்கி ஓரம் விடும். காஸ்ட் மெல்லியது, வளைவுகளில் நன்றாகப் படியும், விலை அதிகம். சமதளமான கூண்டுத் தகரத்துக்குப் பாலிமெரிக் போதும். பின்பக்கப் பசையில் காற்று வெளியேறும் நுண்ணிய வாய்க்கால்கள் உள்ள ரகமாகக் கேளுங்கள். முதல் தடவை ஒட்டுகிறவர்களுக்கு அது பெரிய உதவி.

அச்சின் மேல் லேமினேஷன் கட்டாயம் போடச் சொல்லுங்கள். வெயிலிலிருந்தும் உரசலிலிருந்தும் நிறத்தைக் காப்பாற்றுவது அதுதான். அச்சடித்த மை நன்றாக உலர ஒன்று இரண்டு நாள் விட்டு, அதற்குப் பிறகு லேமினேஷன் போட வேண்டும். 'இன்றைக்கே வேண்டும்' என்று அவசரப்படுத்தாதீர்கள். ஈரமான மை பசையையும் கெடுக்கும்.

ஸ்டிக்கரைச் சரியான அளவில், மூலைகளைக் கூர்மையாக விடாமல் வட்டமாக வெட்டித் தரச் சொல்லுங்கள். கூர்மையான மூலைதான் முதலில் தூக்கும். வீட்டில் வண்டி மேல் வைத்து பிளேடால் வெட்ட வேண்டிய வேலையும் இருக்காது. பிளேடு பட்ட கோட்டில் பெயின்ட் கிழிந்து, அங்கிருந்துதான் துரு ஆரம்பிக்கும்.

தகரம் தயாரா?

பழைய வண்டி என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் ஒரு சோதனை. பார்சல் ஒட்டுகிற அகலமான டேப்பைப் பெயின்ட் மேல் அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். டேப்போடு பெயின்ட் வந்தால், அந்த இடத்தில் ஸ்டிக்கர் நிற்காது. துருவைத் தேய்த்து எடுத்து, பிரைமர், பெயின்ட் அடித்து, குறைந்தது ஒரு மாதம் காயவிட்ட பிறகுதான் ஒட்ட வேண்டும். புது பெயின்டிலிருந்து ஆவி வந்துகொண்டே இருக்கும். அது ஸ்டிக்கருக்கு அடியில் கொப்புளமாக நிற்கும்.

பெயின்ட் உறுதியாக இருந்தால், சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். டீசல், மண்ணெண்ணெய், பாலிஷ் எதுவும் வேண்டாம். நீங்கள் எண்ணெய் ஏற்றுகிற வண்டி வேறு. கேன் உரசிய இடமெல்லாம் பிசுக்கு இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. காய்ந்த பிறகு ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த சுத்தமான துணியால் துடைத்து, ஈரம் காய்வதற்குள் இன்னொரு உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். செல்போன் சர்வீஸ் கடைக்காரர்கள் பயன்படுத்துவது இதுதான். சட்டென்று தீப்பிடிக்கும், பக்கத்தில் பீடி, அடுப்பு கூடாது.

இப்போது தலைப்பில் சொன்ன சோதனை. ஒரு சொம்பு தண்ணீரைத் தகரத்தில் ஊற்றுங்கள். தண்ணீர் ஒரே தாளாகப் பரவி வழிந்தால் தகரம் சுத்தம். சேம்பு இலையில் உருளுகிற மாதிரி முத்து முத்தாக நின்றால் எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் இருக்கிறது, மறுபடியும் துடையுங்கள். சுத்தமானதும் நன்றாக உலரவிடுங்கள். ஆணித் தலை, தகர இணைப்பு, ஓரங்களில் தண்ணீர் ஒளிந்திருக்கும். அதைத் துணியை விட்டு எடுக்க வேண்டும்.

எந்த நேரம், எந்த இடம்?

வெயில் நேரடியாகப் படாத கொட்டகை வேண்டும். புறங்கையைத் தகரத்தில் வைத்தால் சுடக்கூடாது. வெயில் காலத்தில் காலை ஏழு மணிக்கு ஆரம்பித்து ஒன்பதரைக்குள் முடித்துவிடுங்கள். மார்கழி, தை மாதங்களில் அதிகாலை வேண்டாம். தகரத்தில் பனி இறங்கியிருக்கும். ஆடிக் காற்றில் ஒட்டவே ஒட்டாதீர்கள். உரித்த ஸ்டிக்கர் திரும்பி, பசையும் பசையும் ஒட்டிக்கொண்டால் பிரிப்பது பெரும்பாடு. கொட்டகை மண் தரையானால் முதல் நாள் சாயங்காலமே தண்ணீர் தெளித்துவிடுங்கள், புழுதி எழாது.

ஒட்டும் முறை

இரண்டு பேர் வேண்டும். அம்மாவும் மகனும் போதும், முடிந்தால் அப்பாவையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

1. பின்தாளை உரிக்காமலே ஸ்டிக்கரைத் தகரத்தில் வைத்து, நான்கு மூலையிலும் மாஸ்கிங் டேப்பால் நிறுத்துங்கள். பத்து அடி பின்னால் போய்ப் பாருங்கள். தரை சரிவாக இருக்கலாம், அதனால் கூண்டின் கீழ்விளிம்பை வைத்து மட்டம் பாருங்கள். ஓரத்திலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் உள்ளேயே ஸ்டிக்கர் முடிய வேண்டும்.

2. ஸ்டிக்கரின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு நீள டேப்பை இறுக்கமாக ஒட்டுங்கள். கதவுக்குக் கீல் மாதிரி இது. இப்போது வலது பாதியின் மூலை டேப்பை எடுத்து, அந்தப் பாதியை மடக்கி, நடுக்கோடு வரை பின்தாளை உரித்து, தாளை மட்டும் கத்தரிக்கோலால் வெட்டி எடுங்கள்.

3. ஒருவர் அந்தப் பாதியைத் தகரத்தில் படாமல், தொய்வில்லாமல் பிடித்திருக்க வேண்டும். இழுக்கக் கூடாது. மற்றவர், ஓரத்தில் மெத்துத் துணி ஒட்டிய பிளாஸ்டிக் தகட்டைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து, நடுவிலிருந்து வெளியே தேய்த்துக்கொண்டு வரவேண்டும். ஒவ்வொரு தேய்ப்பும் முந்தையதன் மேல் பாதி ஏறட்டும். இந்தத் தகடு ஸ்டிக்கர் கடையிலேயே கிடைக்கும்.

4. வலது பாதி முடிந்ததும் நடு டேப்பை எடுத்துவிட்டு, இடது பாதியையும் இதேபோல நடுவிலிருந்து இடது பக்கமாக ஒட்டுங்கள்.

5. மடிப்பு விழுந்தால் அதன் மேல் தேய்க்காதீர்கள். மடிப்பு வரை மெதுவாகத் தூக்கி, மறுபடியும் படியவிடுங்கள். ஸ்டிக்கரை இழுத்து நீட்டிச் சரிக்கட்டினால் அன்றைக்குச் சரியாகத் தெரியும். வெயில் பட்டதும் அது பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும், ஓரம் தூக்கும்.

6. சின்னக் கொப்புளங்களை விட்டுவிடுங்கள். பல கொப்புளங்கள் சில நாள் வெயிலில் தானே அடங்கும். பெரியதாக இருந்தால் அதன் ஓரத்தில் ஊசியால் ஒரு குத்துக் குத்தி, அந்தத் துளையை நோக்கி அழுத்துங்கள். பிளேடால் கீறாதீர்கள்.

7. கூண்டில் ஆணித் தலைகள் இருக்கும். சுற்றிலும் இரண்டு மூன்று இடத்தில் ஊசியால் குத்தி, ஹேர் டிரையரில் லேசாகச் சூடு காட்டி, துணி சுற்றிய விரலால் சுற்றிச் சுற்றி அழுத்துங்கள். கடைசியாக எல்லா ஓரங்களுக்கும் இதே மாதிரி சூடு காட்டி அழுத்திவிடுங்கள்.

சோப்புத் தண்ணீர் தெளித்து ஒட்டினால் நகர்த்த வசதி என்று சிலர் சொல்வார்கள். சாதாரண ஸ்டிக்கருக்கு அது சரி. காற்று வாய்க்கால் உள்ள ரகத்துக்கு வேண்டாம், தண்ணீர் அந்த வாய்க்காலுக்குள் தங்கிவிடும்.

ஒட்டிய பிறகு இரண்டு நாள் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாட்டர் சர்வீஸில் விடும்போது, ஓரத்துக்கு நேராக, கிட்டத்தில் பிடித்து அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இனிமேல் அந்த வண்டிப் பக்கம் டீசல் துணியே போகக்கூடாது.

மகனிடம் எதை விடலாம்?

கூண்டின் இரண்டு பக்கத் தகரம், பின்கதவு ஆகியவை சமதளம். இவற்றை மகன் ஒட்டட்டும். டிரைவர் கேபின் கதவு, முன்பக்கம், தொட்டியின் மேடு பள்ளமான தகடு ஆகியவற்றைக் கடைக்காரர் ஒட்டட்டும். பள்ளத்தின் மேல் ஸ்டிக்கரைக் கூடாரம் மாதிரி இழுத்து ஒட்டினால் நிற்காது. அதற்குக் காஸ்ட் ரகமும் ஹீட் கன்னும் பழகிய கையும் வேண்டும்.

முதல் நாளே பெரிய ஸ்டிக்கரில் கை வைக்க வேண்டாம். கடையில் வீணான அச்சுத் துண்டுகள் கிடக்கும். நாலைந்து கேட்டு வாங்கி, ஒரு பழைய தகரத்தில் ஒட்டிப் பழகட்டும். அடுத்து, பின்கதவுக்கான சின்ன ஸ்டிக்கர். அது ஒரு வாரம் வெயிலிலும் ஓட்டத்திலும் ஓரம் தூக்காமல் நின்றால், பக்கத் தகரங்களை அவனிடம் கொடுங்கள். தவறினால் போவது ஒரு சின்னத் துண்டுதான். அவன் அப்பாவிடமும் இதையே சொல்லுங்கள், ஒத்துக்கொள்வார். ஊற்றிய தண்ணீர் பரவுகிறதா, முத்தாக நிற்கிறதா என்று பார்க்கும் வேலையை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் வெள்ளை நிற லோடு வண்டி முழுவதையும் பச்சை நிற ஸ்டிக்கரால் மூடி, அதன் மேல் நாற்றங்கால் படம் போடலாம் என்று இருக்கிறோம். சட்டச் சிக்கல் வருமா?

- ஒரு வாசகர், கடலூர் மாவட்டம்

பதில்: வரும். ஆர்.சி. புத்தகத்தில் வண்டியின் நிறமும் பதிவாகியிருக்கிறது. ஸ்டிக்கராக இருந்தாலும், வெள்ளை வண்டி முழுசாகப் பச்சையாகிவிட்டால் ஆர்.சி.யும் வண்டியும் பொருந்தாது. முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு, நிற மாற்றத்தைப் பதிவு செய்த பிறகு ஒட்டுங்கள். வண்டி மேல் கடன் இருந்தால், நிதி நிறுவனத்தின் ஒப்புதலையும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வண்டியின் வெள்ளை நிறம் பெரும்பகுதி தெரியும்படி, பக்கங்களில் மட்டும் பெயரும் படமும் போடுவது செலவும் குறைவு, அலைச்சலும் குறைவு. அடுத்தவர் விளம்பரத்தைக் காசு வாங்கிக்கொண்டு ஒட்டுவதாக இருந்தால், அதற்கு அனுமதி வேண்டுமா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

எப்படி ஒட்டினாலும் நம்பர் பிளேட், விளக்குகள், இரவில் ஒளிரும் பட்டை, பக்கத்தில் எழுதியிருக்கும் எடை விவரம், உரிமையாளர் விவரம் எதுவும் மறையக்கூடாது. கண்ணாடிகளிலும் ஒட்டாதீர்கள். முன், பின் கண்ணாடிகள் வழியாக 70 சதவீதம், பக்கக் கண்ணாடிகள் வழியாக 50 சதவீதம் ஒளி ஊடுருவ வேண்டும் என்பது விதி. கண்ணாடியில் கறுப்பு பிலிம் ஒட்டுவதற்கு எதிராக உச்ச நீதிமன்றம் 2012-லேயே உத்தரவு போட்டிருக்கிறது. கடலூர் பக்கம் மழை நாளில் வண்டி ஓட்டுகிற உங்களுக்கு, பின்னால் வருகிற வண்டி தெரிய வேண்டியது சட்டத்துக்காக மட்டுமில்லை.

உங்கள் வண்டி, பம்ப்செட், தெளிப்பான், கருவிகள் பற்றிய சந்தேகங்களை எழுதுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.