கழற்றும் முன் கண்டுபிடி!

ராமேசுவரம் என்றால் கடல். கடல் என்றால் உப்பு. உப்பு என்றால் துரு!

நமக்கு இதமாக இருக்கும் பாம்பன் காற்று, இரும்புக்குப் பகை. எந்த உலோகம் எவ்வளவு அரிக்கிறது என்று பார்க்க, காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தார் மண்டபம் கடற்கரையில்தான் உலோகத் துண்டுகளை வைத்துச் சோதித்தார்கள்.

1988-ம் ஆண்டு பாம்பன் சாலைப் பாலம் திறக்கப்பட்டது. அது முதல் மோட்டார் கார்கள் நேராகத் தீவுக்குள் வருகின்றன. இப்போது "ஆட்டோமேட்டிக்" கார்களும் நிறைய வருகின்றன.

இந்தக் காரில் கிளட்சை மிதிக்க வேண்டாம். கியரைக் கையால் மாற்ற வேண்டாம். வயதானவர்களுக்கும், கால்வலிக்காரர்களுக்கும் பெரிய வசதி.

ஆனால், ஒரு நாள் கார் "டக்" என்று குலுங்குகிறது. ஒரே கியரில் நின்றுவிடுகிறது. பட்டறைக்குப் போனால், "கியர் பெட்டி போச்சு. வேறு போடணும்" என்கிறார்கள்.

இந்த ஒரு வார்த்தையில் குடும்பத்தின் சேமிப்பு கரைந்துவிடும். வாடகைக் கார் ஓட்டுகிறவருக்குப் பிழைப்பே போய்விடும்.

அந்த வார்த்தையை உடனே நம்பக்கூடாது என்பதே என் கருத்து.

உள்ளே என்ன நடக்கிறது?

ஆட்டோமேட்டிக் கியர் பெட்டியில் எண்ணெய்தான் வேலைக்காரன். ஒரு பம்பு எண்ணெயை அழுத்தித் தள்ளுகிறது. அந்த அழுத்தம் கிளட்சுத் தட்டுகளை இறுக்கிப் பிடிக்கிறது.

அழுத்தம் குறைந்தால் தட்டுகள் வழுக்கும், கருகும். கூடினால் கார் குலுங்கும்.

அழுத்தத்தை அளவாக வைத்திருப்பது "சோலனாய்டு". கம்பிச் சுருளும் சிறு வால்வும் சேர்ந்த பொருள் அது. கையில் அடங்கிவிடும். காரின் கம்ப்யூட்டர் அனுப்பும் மின்சாரத்துக்கு ஏற்ப அது திறக்கும், மூடும்.

பல கார்களில் அந்த மின்சாரம் அறுந்தால், அழுத்தம் முழு அளவுக்கு ஏறும்படி செய்திருக்கிறார்கள். தட்டுகள் கருகாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. ஆகவே, குலுங்குவதாலேயே கியர் பெட்டி செத்துவிட்டது என்று பொருள் அல்ல.

எண் தீர்ப்பு அல்ல

பட்டறையில் ஒரு கருவியை மாட்டிப் பார்ப்பார்கள். "பி 0745" என்று வரலாம். அழுத்தக் கட்டுப்பாட்டுச் சோலனாய்டில் கோளாறு என்று அதற்குப் பொருள்.

ஆனால், இந்த எண் ஒரு புகார்தான், தீர்ப்பு அல்ல! கம்பி அறுந்தாலும் இதே எண் வரலாம். இணைப்பில் பச்சை பூத்தாலும் வரலாம். எண்ணெய் அழுக்கானாலும் வரலாம்.

வரிசையாகப் பாருங்கள்

முதலில் எண்ணெய். அளவு சரியா? கருத்துவிட்டதா? தீய்ந்த வாடை அடிக்கிறதா?

இரண்டாவது, பியூசும் கம்பியும் இணைப்பும். கடலோரத்தில் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். செம்பில் உப்பு ஏறினால் மின்சாரம் தடுமாறும்.

மூன்றாவது, சோலனாய்டுச் சுருளின் மின்தடை. மீட்டரை வைத்தால் எத்தனை ஓம் என்று தெரியும். கார் கம்பெனி புத்தகத்தில் உள்ள அளவோடு ஒப்பிட வேண்டும்.

நான்காவது, எண்ணெய் அழுத்தம். அதற்கான துளை உள்ள கார்களில் மானியை மாட்டி அளக்கலாம். மின்சாரம் எல்லாம் சரியாக இருந்தும் அழுத்தம் தவறாக இருந்தால், சோலனாய்டு வால்வு சிக்கியிருக்கலாம். அல்லது வடிகட்டி, வால்வுப் பலகை, பம்பு ஆகியவற்றில் கோளாறு இருக்கலாம்.

இவ்வளவும் பார்த்த பிறகே கழற்ற வேண்டும். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தலாமா?

தட்டுகள் நிஜமாகவே கருகியிருந்தால் பெட்டியைத் திறக்கத்தான் வேண்டும். கார் வழுக்கும்போது, "ஊர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஓட்டினால் சின்னச் செலவு பெருஞ்செலவாகும்.

இன்னொன்று. எல்லா ஆட்டோமேட்டிக் காரும் ஒன்று அல்ல. 2014-ம் ஆண்டு மாருதி செலேரியோவில் வந்த "ஏ.எம்.டி." முறை, சாதாரண கியர் பெட்டியைத் தானாக இயக்கும் முறை. அதன் கோளாறுகள் வேறு. உங்கள் கார் எந்த வகை என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கூலி கொடுங்கள்

குற்றம் மெக்கானிக் மீது மட்டும் அல்ல. பொருளை மாற்றினால் பணம் கொடுக்கிறோம். ஒரு மணி நேரம் சோதித்துப் பார்த்தால், "சும்மா பார்த்ததற்கு என்ன கூலி?" என்கிறோம். பிறகு அவர் எதற்குச் சோதிப்பார்? மாற்றத்தான் சொல்வார்!

டாக்டருக்கு நோயைக் கண்டுபிடிக்கவே பணம் கொடுக்கிறோம். மெக்கானிக்குக்கும் கொடுப்போம். கொடுத்துவிட்டு மூன்று கேள்வி கேட்போம்:

எதை அளந்தீர்கள்? எவ்வளவு இருந்தது? எவ்வளவு இருக்க வேண்டும்?

மூன்றுக்கும் பதில் வந்தால் காரை ஒப்படையுங்கள். வராவிட்டால், சாவியைக் கொடுக்காதீர்கள்!