பழைய டிஷ்வாஷர் மக்கர் பண்ணுதா? ‘போர்டு போச்சு’ன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி இதையெல்லாம் பாருங்க!

பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்க, பெற்றோர் மட்டும் இருக்கும் வீடுகள் மன்னார்குடிப் பக்கம் நிறைய. ‘இந்த வயசுல அம்மா பாத்திரம் தேய்க்க வேண்டாம்’ என்று பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த டிஷ்வாஷர் அதில் சில வீடுகளில் இருக்கும். 2020 ஊரடங்கில் வீட்டு வேலைக்கு ஆள் வர முடியாமல் போனபோது, இந்தியா முழுக்கவே டிஷ்வாஷர் விற்பனை கூடியது. அப்போது வாங்கியவை இப்போது ஐந்து வயதைத் தாண்டிவிட்டன. வாரன்ட்டி முடிந்திருக்கும். பழுதுகள் ஆரம்பிக்கும் வயது இது.

ஒருநாள் தண்ணீர் வடியாது. இன்னொரு நாள் டம்ளரெல்லாம் வெள்ளை பூத்து வரும். மெக்கானிக் தஞ்சாவூரிலிருந்தோ திருச்சியிலிருந்தோ வர வேண்டியிருக்கும். வந்தவர் ‘போர்டு போச்சு, புதுசு வாங்கிடுங்க’ என்று சொல்லிவிட்டால், மெஷின் தட்டு அடுக்கும் அலமாரி ஆகிவிடும். அம்மா மறுபடியும் சிங்க் முன்னால் நிற்பார்.

உண்மையில், டிஷ்வாஷர் பழுதுகளில் பலவற்றுக்குக் காரணம் தண்ணீரும் அடைப்பும்தான். அவற்றை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம்.

எந்தக் கட்டத்தில் நிற்கிறது?

அமெரிக்காவைச் சேர்ந்த ஜோசஃபின் காக்ரேன் என்ற பெண்மணி 1886-ல் காப்புரிமை வாங்கிய பாத்திரம் கழுவும் இயந்திரம், தட்டுகளைக் கம்பிக் கூடையில் நிற்க வைத்துத் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சியது. இன்றைய மெஷினும் அடிப்படையில் அதையேதான் செய்கிறது. தண்ணீர் எடுக்கும், சூடாக்கும், சுழலும் கைகள் வழியாகப் பீய்ச்சும், அழுக்கு நீரை வெளியே தள்ளும், கடைசியில் காய வைக்கும்.

முதலில், காலி மெஷினை ஓட விட்டுப் பக்கத்தில் நின்று காது கொடுத்துக் கேளுங்கள். எந்தக் கட்டத்தில் சத்தம் மாறுகிறது, எங்கே நின்றுபோகிறது என்று தெரிந்தால், பார்க்க வேண்டிய இடமும் தெரிந்துவிடும். டிஸ்ப்ளேவில் எழுத்தும் எண்ணும் வந்தால் குறித்துக்கொள்ளுங்கள். உதாரணமாக, பல போஷ் மெஷின்களில் ‘இ24’, ‘இ25’ வந்தால் தண்ணீர் வெளியேறுவதில் சிக்கல். ‘இ15’ வந்தால் அடித்தட்டில் தண்ணீர் தேங்கியிருக்கிறது. மற்ற நிறுவனங்களுக்குக் குறியீடு மாறும், மேனுவலில் பாருங்கள்.

கை வைக்கும் முன் பிளக்கைக் கழற்றி, தண்ணீர்க் குழாயையும் மூடிவிடுங்கள்.

1. தண்ணீர் வரவில்லையா?

மாடித் தொட்டியை முதலில் பாருங்கள். 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார் அழுத்தம் கிடைக்கும். பல மெஷின்களுக்குக் குறைந்தது 0.3 முதல் 0.5 பார் வேண்டும். அதாவது தொட்டி 3 முதல் 5 மீட்டர் மேலே இருக்க வேண்டும். ஒற்றைத் தள வீட்டின் கூரையில் நேராக வைத்த தொட்டி இந்த எல்லையில்தான் நிற்கும். மெஷினுக்குப் போகும் குழாயைத் திறந்து 10 லிட்டர் வாளியைப் பிடியுங்கள். ஒரு நிமிடத்தில் நிறையவில்லை என்றால் கோளாறு மெஷினில் இல்லை, வரத்தில் இருக்கிறது.

வரத்து நன்றாக இருந்தால், தண்ணீர் உள்ளே போகும் ஹோஸைக் கழற்றுங்கள். அதன் முனையில் சின்ன சல்லடை இருக்கும். போர் தண்ணீரில் வரும் மணலும் துருவும் சேர்ந்து அதை அடைத்துவிடும். பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து மாட்டினாலே பல மெஷின்கள் உயிர் பெற்றுவிடும்.

2. தண்ணீர் வடியவில்லையா?

நம் ஊர்ச் சமையலில் அடைப்புக்குப் பஞ்சமில்லை. சோற்றுப் பருக்கை, கறிவேப்பிலை, கடுகு, புளிச் சக்கை, முருங்கைக்காய் நார், மீன் முள் எல்லாம் அடியிலிருக்கும் ஃபில்டரில்தான் போய்ச் சேரும். கீழ்க் கூடையை வெளியே எடுத்து, ஃபில்டரைத் திருகிக் கழற்றி, குழாயடியில் கழுவுங்கள்.

ஃபில்டருக்குக் கீழே இருக்கும் குழியில் கொஞ்சம் தண்ணீர் நிற்பது இயல்புதான். நிறைய நின்றால் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, டார்ச் அடித்துப் பாருங்கள். உடைந்த கண்ணாடித் துண்டு கிடக்கலாம் என்பதால் கையுறை இல்லாமல் விரலை விட வேண்டாம். பல மாடல்களில் அங்கே ஒரு சிறு மூடி இருக்கும். அதற்குள் வடிகால் பம்பின் சக்கரம் தெரியும். ஒரு கரண்டிக் காம்பால் தள்ளினால் அது சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் எலும்போ முள்ளோ சிக்கியிருக்கிறது.

அதுவும் சரியாக இருந்தால், மெஷினுக்குப் பின்னால் வடிகால் ஹோஸ் மடங்கியிருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

3. வெள்ளைத் திட்டு வருகிறதா?

டம்ளரில் கொஞ்சம் வினிகர் தொட்டுத் தேயுங்கள். திட்டு போனால் அது தண்ணீரின் சுண்ணாம்பு. போகவில்லை என்றால் கண்ணாடியே தேய்ந்துவிட்டது, அதை ஒன்றும் செய்ய முடியாது.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம், மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு தண்ணீருக்கு வழியே இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. டெல்டாவில் ஆற்றுத் தண்ணீருக்கும் போர் தண்ணீருக்கும் வித்தியாசம் உண்டு. ஒரே தெருவிலேயே வீட்டுக்கு வீடு மாறும். வாங்கிய அன்று அமைத்த அளவிலேயே மெஷின் ஓடிக்கொண்டிருந்தால், புது போர் போட்ட பிறகு அது பொருந்தாது. கடினத்தன்மை பார்க்கும் காகிதப் பட்டை வாங்கித் தண்ணீரைச் சோதித்து, மேனுவலில் உள்ளபடி அளவை மாற்றுங்கள்.

மெஷினுக்கான உப்பும் தீர்ந்திருக்கலாம். உள்ளே தண்ணீரை மென்மையாக்கும் பிசின் மணிகள் இருக்கின்றன. அந்த உப்பு அவற்றைப் புதுப்பிப்பதற்கு. ‘பக்கத்திலேயே வேதாரண்யம் உப்பு இருக்கே’ என்று கல்லுப்பைக் கொட்டிவிடாதீர்கள். அதிலுள்ள மண்ணும் கால்சியம், மெக்னீசியமும் பிசினைக் கெடுக்கும். அயோடின் கலந்த தூள் உப்பும் வேண்டாம். டிஷ்வாஷர் உப்பு என்றே கேட்டு வாங்குங்கள்.

ஏற்கெனவே உள்ளே படிந்ததைப் போக்க, கடையில் எலுமிச்சை உப்பு என்று கிடைக்கும் சிட்ரிக் ஆசிட் 100 கிராம் போட்டு, காலி மெஷினைச் சூடான புரோகிராமில் ஒருமுறை ஓட்டுங்கள். டாய்லெட் கிளீனர், பிளீச்சிங் பவுடர் இரண்டும் கூடவே கூடாது. ஸ்டீலை அரித்துவிடும்.

4. பிசுக்கு போகவில்லையா?

சுழலும் கைகளைக் கழற்றி ஆட்டிப் பாருங்கள். உள்ளே கடுகு உருளும் சத்தம் கேட்கும்! துளைகளைப் பல்குத்தும் குச்சியால் சுத்தம் செய்து, உள்ளே தண்ணீர் விட்டு அலசுங்கள். பெரிய தாம்பாளமோ குக்கரோ கை சுற்றுவதைத் தடுக்கிறதா என்றும் பாருங்கள்.

மாத்திரை கரையாமல் கிடந்தால் இரண்டு சந்தேகம். அதன் மூடியை ஏதாவது தட்டு மறைத்திருக்கலாம், அல்லது தண்ணீர் சூடாகவில்லை. சூடான புரோகிராம் தொடங்கி அரை மணி நேரம் கழித்து நிறுத்தி, கதவை லேசாகத் திறந்து ஆவி அடங்கக் காத்திருங்கள். உள்ளே சில்லென்று இருந்தால் ஹீட்டர் பக்கம் பழுது.

5. தரையில் தண்ணீரா?

கையால் பாத்திரம் தேய்க்கும் லிக்விட் சோப்பை மெஷினில் ஊற்றினீர்களா? நுரை பொங்கிக் கதவு வழியாக வழியும். சோப்பு அது இல்லை என்றால், கதவின் ரப்பரைத் துடைத்துவிட்டு விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். அடித்தட்டில் தண்ணீர் சேர்ந்தால் உள்ளிருக்கும் மிதவை மெஷினை நிறுத்திவிடும். மெஷினைச் சாய்த்து அந்தத் தண்ணீரை வடித்தால் மறுபடி ஓடும்தான். ஆனால், கசிவு எங்கே என்று கண்டுபிடிக்கும் வரை அது தற்காலிக வைத்தியமே.

மாதக்கணக்கில் ஓடாத மெஷினா?

ஆறு மாதம் பிள்ளை வீட்டில் இருந்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள் நேராக ஸ்விட்சைப் போட வேண்டாம். பின்னால் ஹோஸையும் ஒயரையும் எலி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு உள்ளே இரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றி, காய்ந்த ரப்பரும் பம்பும் நனைய சில மணி நேரம் விட்டு, அதற்குப் பிறகு சின்ன புரோகிராமில் ஓட்டுங்கள்.

இங்கே கை வைக்க வேண்டாம்

மெஷின் உடம்பைத் தொட்டால் ஷாக் அடிப்பது, கருகிய வாசனை, தண்ணீர் சூடாகும் நேரத்தில் மட்டும் ஆர்.சி.சி.பி. விழுவது, இவை மூன்றும் மெக்கானிக் வேலை. பிளக்கைக் கழற்றிவிட்டுக் கூப்பிடுங்கள். எர்த் உள்ள 16 ஆம்பியர் பாயின்ட் இல்லாமல் டிஷ்வாஷர் ஓட்டுவதும் ஆபத்து.

கூப்பிடும்போது கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் மாடல் எண், டிஸ்ப்ளே குறியீடு, எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்ற மூன்றையும் சொல்லுங்கள். சரியான பாகத்தோடு ஒரே முறையில் வருவார். ‘போர்டு போச்சு’ என்றால், எப்படிச் சோதித்தார் என்று கேளுங்கள். புது பாகத்துக்கு பில்லும் வாரன்ட்டியும் கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பி வாங்குங்கள். பில் விஷயத்தில் ஏமாற்றப்பட்டதாக நினைத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.

பம்பு, ஹீட்டர், வால்வு, ரப்பர் எல்லாம் மாற்றக்கூடியவை. உட்புறத் தொட்டியே துருப்பிடித்து ஓட்டை விழுந்தாலோ, அந்த மாடலுக்குப் பாகமே வருவதில்லை என்றாலோ மட்டும் விடைகொடுக்கலாம். அப்போதும் பழைய இரும்புக் கடையில் போடாமல், அங்கீகாரம் பெற்ற மின்கழிவு சேகரிப்பாளரிடம் கொடுங்கள்.

அதுவரை, வாரம் ஒருமுறை ஃபில்டரைக் கழற்றிக் கழுவுங்கள். தட்டை அடுக்கும் முன் மிச்சச் சோற்றையும் கறிவேப்பிலையையும் வழித்துக் கொட்டிவிடுங்கள்.