தேர்வுக்கு முன் செபம், முடிவுக்குப் பின் மௌனம்

செப்டம்பர் மாதம் பிறந்துவிட்டால், தொடக்கநிலை ஆறில் பிள்ளை படிக்கும் சிங்கப்பூர் வீடுகளில் தொலைக்காட்சி உறங்கப் போய்விடும், செபமாலை விழித்துக்கொள்ளும். நான் வசிக்கும் காத்தோங் வட்டாரத்தில் இதைக் கண்கூடாகக் காணலாம். திருக்குடும்ப ஆலயத்தில் சீருடையோடு முழந்தாளிடும் சிறுவர்கள் கூடுவார்கள். சிலோன் ரோட்டில் ஆங்கிலிக்கன் சபையின் புனித ஹில்டா ஆலயமும், யாழ்ப்பாணத் தமிழர் பேணி வளர்த்த ஸ்ரீ செண்பக விநாயகர் ஆலயமும் ஒரே தெருவில் இருக்கின்றன. எந்த வாசலில் நின்று பார்த்தாலும் தாய்மாரின் முகத்தில் தெரிவது ஒரே கவலைதான். தமிழ்த் திருப்பலிக்காக நாங்கள் செல்லும் ஓஃபிர் ரோடு லூர்து அன்னை ஆலயம் 1888இல் திறக்கப்பட்டது. தமிழ்க் கத்தோலிக்கரின் தாய்வீடு என்றே அதைச் சொல்லலாம். அங்கும் இம்மாதத்தில் விண்ணப்பங்கள் பெரும்பாலும் தேர்வைப் பற்றியவையே.

செபிப்பதில் எனக்கு எந்த வழக்கும் இல்லை. நானும் செபிக்கிறேன். அச்சத்தோடு தேர்வறைக்குள் நுழையும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு, தன்னோடு ஒருவர் துணை வருகிறார் என்னும் எண்ணம் பெரிய ஆறுதல். என் வழக்கு, அந்தச் செபத்தோடு நாம் சேர்த்துக் கட்டிவிடும் விலைச்சீட்டைப் பற்றியது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு செபக்கூட்டத்தில் ஒரு பேச்சாளர், ஐயமின்றி நம்பும் பிள்ளைக்கு ஆண்டவர் நான்கு புள்ளியைக் கட்டாயம் தருவார் என்று உரக்க முழங்கினார். (வெளிநாட்டு வாசகர்களுக்காக ஒரு சொல்: 2021 முதல் நமது பிஎஸ்எல்இ தேர்வில் நான்கு பாடங்களுக்கும் ஒன்று முதல் எட்டு வரை அடைவுநிலை வழங்கி, அவற்றைக் கூட்டுகிறார்கள். நான்கு என்பதே மிகச் சிறந்த புள்ளி, முப்பத்திரண்டு கடைநிலை.) கூட்டம் கைதட்டியது. அருகிலிருந்த சிறுமி தன் தாயை ஏறிட்டுப் பார்த்தாள். அவள் மனத்துக்குள் ஓடிய கணக்கை என்னால் ஊகிக்க முடிந்தது. நம்பினால் நான்கு கிடைக்கும் என்றால், நான்கு கிடைக்காவிட்டால்...?

இங்கேதான் நமது கற்பித்தல் தவறுகிறது, நண்பர்களே. பிள்ளைகள் நாம் நினைப்பதைவிடத் தருக்கம் அறிந்தவர்கள். நவம்பர் மாத இறுதியில் முடிவு வெளியாகும்போது பத்தொன்பதோ இருபத்திரண்டோ பெற்ற பிள்ளைக்கு இரண்டே முடிவுகள் எஞ்சுகின்றன: ஒன்று, ஆண்டவர் என்னைக் கைவிட்டார், அல்லது, என் நம்பிக்கை போலியானது. இரண்டுமே பொய். இரண்டையும் அந்தப் பிஞ்சு மனத்தில் விதைத்தவர்கள் நாமே. நல்ல புள்ளி பெற்ற பிள்ளையின் நிலையும் அவ்வளவு நலமானதன்று. தன் ஆண்டவர் தன் பக்கம், பக்கத்து இருக்கைக்காரன் பக்கம் இல்லை என்று அது கற்றுக்கொள்கிறது.

அரசாங்கப் பள்ளி வகுப்பறையில் நான் சமயம் பேசுவதில்லை, பேசவும் கூடாது. நான் சொல்வதெல்லாம் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பையும் நமது வீடுகளையும் பற்றியே. அவ்வகுப்பில் ஒருமுறை யோபுவின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் இழந்த யோபுவுக்கு இறுதியில் இரு மடங்காகத் திரும்பக் கிடைத்தது என்னும் பகுதி வந்ததும் பிள்ளைகள் உற்சாகமாகக் கணக்குப் போட்டார்கள். ஏழாயிரம் ஆடுகள் பதினாலாயிரம் ஆயின. மூவாயிரம் ஒட்டகங்கள் ஆறாயிரம் ஆயின. அப்போது ஒரு மாணவன் எழுந்து, “ஆசிரியரே, பிள்ளைகள் மட்டும் ஏன் மறுபடியும் பத்துப் பேர்தான்? முதலில் இறந்த பத்துப் பேர் என்ன ஆனார்கள்?” என்று கேட்டான். ஏழு மகன்கள், மூன்று மகள்கள். முன்பும் பத்து, பின்பும் பத்து. இறந்தவர்கள் திரும்பி வரவில்லை என்பதை அச்சிறுவன்தான் கவனித்தான். பெரியவர்களாகிய நாம் அந்த நூலின் கடைசி அதிகாரத்தை ஒரு வங்கிக் கணக்கைப் போல வாசிக்கிறோம். நடுவில் உள்ள முப்பதுக்கும் மேற்பட்ட அதிகாரங்களில் அந்த மனிதர் புலம்புகிறார், வாதாடுகிறார், கேள்வி கேட்கிறார். ஆனாலும் இறைவனை விட்டு விலகவில்லை. நம்பிக்கை என்பதற்கு அங்கே கிடைக்கும் பொருளை நாம் பாடத்திட்டத்தில் சேர்ப்பதே இல்லை.

இதே யோபுவின் கதையைக் கேட்டு வாழ்க்கையை மாற்றிக்கொண்ட ஒருவர் நம் மண்ணிலேயே வாழ்ந்திருக்கிறார். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் ஆட்சியில் பணியாற்றியவர். கால்நடைகளும் பயிரும் அழிந்து மனம் சோர்ந்திருந்த காலத்தில், தம்மோடு பழகிய டி லனாய் என்னும் படைத்தலைவரிடம் தம் துயரத்தைச் சொன்னார். டி லனாய் 1741ஆம் ஆண்டுக் குளச்சல் போரில் மன்னரிடம் தோற்றுச் சிறைப்பட்ட டச்சுப் படையைச் சேர்ந்தவர். பின்னர் அதே மன்னரின் படையைப் பயிற்றுவித்தவர். (உதயகிரிக் கோட்டையில் உள்ள அவருடைய கல்லறையில் இலத்தீனோடு தமிழும் பொறிக்கப்பட்டிருக்கிறது. தமிழாசிரியர்கள் ஒருமுறை சென்று பார்க்க வேண்டிய இடம்!) அவர் நீலகண்டனுக்கு ஆறுதலாகச் சொன்னது யோபுவின் வரலாற்றை. அதைக் கேட்ட நீலகண்டன் 1745இல் வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு புத்தாரி அடிகளாரிடம் திருமுழுக்குப் பெற்றார். இலாசர் என்னும் பெயரின் பொருளைத் தமிழாக்கித் ‘தேவசகாயம்’ என்று பெயரிடப்பட்டது. இறைவனே உதவி என்பது அதன் பொருள்.

அந்தப் பெயரைச் சூடியவருக்கு என்ன உதவி கிடைத்தது என்று பாருங்கள். இழந்த மாடுகள் இரு மடங்காகத் திரும்பவில்லை. 1749இல் கைது செய்யப்பட்டார். எருக்கம்பூ மாலையிட்டு, எருமையின் மேல் பின்புறம் நோக்கி உட்கார வைத்து, ஊர் ஊராக இழுத்துச் சென்றார்கள் என்று மரபு கூறுகிறது. மூன்றாண்டுச் சிறையும் அடியும் பட்டபின், 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியின் காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்குத் தண்டனை விதிக்கப்பட்டதற்கு அரசியல் காரணங்களும் உண்டென வாதிடும் வரலாற்றாசிரியர்கள் இருக்கிறார்கள். அந்த விவாதத்திற்குள் நான் போகவில்லை. தம் நம்பிக்கையைக் கைவிட்டிருந்தால் பழைய வாழ்வுக்குத் திரும்பியிருக்கலாம் என்பதும், அவர் திரும்பவில்லை என்பதும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுகின்றன. 2012இல் நாகர்கோவிலில் அருளாளராகவும், 2022 மே 15 அன்று உரோமையில் புனிதராகவும் திருச்சபை அவரை உயர்த்தியது. இந்தியப் பொதுநிலையினருள் புனிதரானவர் அவரே முதல்வர்.

நமது மறைக்கல்வி வகுப்புகளில் இவருடைய வரலாற்றைச் சொல்லும்போது ஆசிரியர்கள் அதிக நேரம் செலவிடுவது எதில் தெரியுமா? புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் வாடிய அவர் முழங்கையால் பாறையை இடித்தபோது நீர் சுரந்தது என்னும் மரபுக் கதையில்! முட்டிடிச்சான் பாறை என்று அந்த இடத்தை இன்றும் மக்கள் போற்றுகிறார்கள். பிள்ளைகளுக்கும் அது பிடித்திருக்கிறது. படம் வரையச் சொன்னால் எல்லோரும் பாறையைத்தான் வரைகிறார்கள். எனக்கோ அந்தக் கதையில் வேறொன்று உறுத்துகிறது. தண்ணீர் வந்தது, விலங்கு கழலவில்லை. ஒரு மிடறு நீர் தந்த ஆண்டவர் அவரைச் சிறையிலிருந்து விடுவிக்கவில்லை. அந்த நீரைக் குடித்துவிட்டு, அதே விலங்கோடு அவர் மேலும் நடந்தார். இந்த இடத்தில் வகுப்பில் சற்று நிறுத்தி, “ஏன் நடந்தார்?” என்று கேட்டால், பிள்ளைகளிடமிருந்து வரும் விடைகள் எந்த மறையுரைக்கும் குறைந்தவையாக இருப்பதில்லை.

“பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் போய்ச் சாவையும் சிறையையும் பேசுவதா? தேர்வு நேரத்தில் ஊக்கமல்லவா வேண்டும்?” என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். எருமையையும் பிரம்படியையும் தேர்வுக்கு முந்திய வாரத்தில் விவரிக்க வேண்டியதில்லை. ஆனால், ஊக்கம் என்ற பெயரில் நாம் கொடுக்கும் வாக்குறுதி நம்முடையதா, ஆண்டவருடையதா என்று கேட்டுப் பார்க்கலாமே. நான்கு புள்ளி தருவதாக அவர் எங்கும் சொல்லவில்லை. கூட இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். தீச்சூளையின் முன் நின்ற மூன்று இளைஞர்களும், எங்கள் கடவுள் எங்களைக் காக்க வல்லவர், காக்காவிடினும் உம் சிலையை வணங்கமாட்டோம் என்ற பொருளில்தானே அரசனிடம் பேசினார்கள்? அந்தக் ‘காக்காவிடினும்’ இல்லாத நம்பிக்கையைப் பிள்ளைக்குக் கொடுத்தனுப்புவது, பொத்தல் குடையைக் கொடுத்து மழைக்குள் அனுப்புவதைப் போன்றது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தேவசகாயம் சாதி வேறுபாடு பாராமல் எல்லோரையும் சமமாக நடத்தினார் என்பது அவருடைய வரலாற்றில் அழுத்தமாகக் கூறப்படும் செய்தி. அதனால் மேலோரின் சினத்துக்கு ஆளானார். புனிதர் பட்டத்துக்கான ஏடுகளில் அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டத்தை நீக்கியதும் பொருத்தமே. ஆண்டவரைப் பின்பற்றுவது என்பது அவருக்கு யாரோடு உட்கார்ந்து உண்பது என்பதாகவும் இருந்தது. நம் பிள்ளையிடம் “இன்று செபித்தாயா?” என்று தவறாமல் கேட்கிறோம். “இடைவேளையில் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாய்?” என்று எத்தனை பேர் கேட்கிறோம்? குறைந்த புள்ளி எடுக்கும் தோழனோடு பழகாதே என்று வீட்டில் சொல்லிவிட்டு, மாலையில் செபமாலை சொல்ல உட்கார்வதை என் தாழ்மையான கருத்தில் எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியாது.

ஆகவே, பங்குகளில் மறைக்கல்வி கற்பிக்கும் சக ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். தேர்வுக்கு முன் நடத்தும் செபவழிபாட்டை அப்படியே நடத்துங்கள். அதோடு, முடிவு வெளியான வாரத்தின் ஞாயிற்றுக்கிழமையிலும் ஒரு வழிபாடு வையுங்கள். இப்போது அந்த ஞாயிறு பெரும்பாலும் மௌனமாகவே கழிகிறது. நன்றி சொல்ல வருபவர்கள் முன்வரிசையில் இருப்பார்கள். மற்றவர்கள் வரவே மாட்டார்கள். “என்ன புள்ளி?” என்று ஆலய முற்றத்தில் யாரேனும் கேட்டுவிடுவார்களோ என்னும் அச்சத்தில் தாயும் பிள்ளையும் வீட்டிலேயே இருந்துவிடுவதை நான் அறிவேன். அந்த வழிபாட்டில் புள்ளியை யாரும் கேட்கக் கூடாது, யாரும் சொல்லவும் கூடாது என்று முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள்.

புனித தேவசகாயத்தின் நினைவுநாள் சனவரி 14. நமது பள்ளி ஆண்டு தொடங்கிச் சில நாள்களே ஆகியிருக்கும். தாம் விரும்பிய உயர்நிலைப் பள்ளி கிடைக்காத பிள்ளைகள் புதிய சீருடையில், அறிமுகமற்ற முகங்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் வாரம் அது. வரும் சனவரியில் அதையொட்டிய ஞாயிறு வகுப்பில், உயர்நிலை ஒன்றுக்குப் போன பழைய மாணவர்களையும் அழைத்து அவருடைய வரலாற்றைச் சொல்லலாம் என்றிருக்கிறேன். இம்முறை பாறையை ஐந்து நிமிடத்தில் முடித்துக்கொண்டு, சிறையிலிருந்த அந்த மூன்று ஆண்டுகளுக்கு மீதி நேரத்தைக் கொடுக்கப் போகிறேன்.