"நம்ம கடல்லயே இரிக்குதானே சேர்!"



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் கடல் மீன் தொட்டி வைத்திருப்பவர்களும், வைக்க ஆசைப்படுகிறவர்களும், கலர் மீனுக்குச் சுழியோடும் எமது கற்பிட்டித் தம்பிமாரும் கடைசிவரை வாசித்தால் சந்தோஷம்.

போன வாரம் எம்மிடம் படித்த பிள்ளை ஒருவர் வட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். அமெரிக்காவில் யாரோ ஒருவரின் வீட்டுத் தொட்டி. மணலில் பத்துப் பதினைந்து பூக்கள் விரிந்து கிடக்கின்றன. ஒன்று செம்மஞ்சள், ஒன்று பச்சை, இன்னொன்று ஊதாவில் வெள்ளைக் கோடு. 'றொக் பிளவர் அனிமனி' என்று பெயராம். கீழே அவருடைய குரல் பதிவு: "சேர், கொழும்பில கேட்டுப் பாத்தன், இல்லையாம். பரவாயில்ல, நம்ம கடல்லயே இரிக்குதானே! டைவர் ஒருத்தர்கிட்ட சொல்லி வெச்சிரிக்கன்."

அந்தக் கடைசி வசனம்தான் இதை எழுத வைத்தது.

முதலில் அந்தப் பூவைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். அது பூ அல்ல, விலங்கு. கடலனிமனி என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள், சிலர் கடற்சாமந்தி என்பார்கள். ஜெலிபிஷ்ஷுக்கும் முருகைக்கல்லுக்கும் நெருங்கிய சொந்தம். இதழ் என்று நாம் பார்ப்பது பரிசக்கொம்பு. ஒவ்வொன்றிலும் இரையைக் குத்தி மயக்கும் கொட்டும் கலங்கள். நடுவில் ஒரே ஒரு துவாரம். உண்பதும் அதால்தான், கழிப்பதும் அதால்தான். (வகுப்பில் இதைச் சொன்னால் பின்வரிசை சிரித்து முடிய ஐந்து நிமிடம் போகும்.)

றொக் பிளவர் என்பது கரீபியன் கடலிலும் புளோரிடாப் பக்கமும் ஆழம் குறைந்த இடங்களில் வாழ்வது. பாதத்தை மணலுக்குக் கீழே கல் வெடிப்பில் ஒட்டிக்கொண்டு, முகத்தை மட்டும் மணல் மட்டத்தில் விரித்து வைக்கும். தொட்டால் உள்ளே இழுத்துக்கொள்ளும். நன்றாக வளர்ந்தாலும் 15 சென்ரிமீற்றர் அளவுதான். இடம் பிடித்துவிட்டால் பெரும்பாலும் அசையாது. தாய் தன் உடலுக்குள்ளேயே குஞ்சுகளை வைத்திருந்து வாய் வழியாக வெளியே விடும். இது வீட்டுத் தொட்டியிலேயே நடப்பதால், அங்குள்ள வளர்ப்பவர்கள் கடலில் கை வைக்காமல் ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கிக்கொள்ளவும் முடிகிறது. அந்த வீடியோவில் இருப்பது அதுதான்.

எமது கடலில் இருப்பது அதுவல்ல. சுழியோடி கொண்டுவந்து தருவது அநேகமாக நீமோ மீன் குடியிருக்கும் பெரிய அனிமனி. சில இனங்கள் அரை மீற்றருக்கு மேலும் விரியும். அத்திலாந்திக் சமுத்திரத்தில் நீமோ இனமே கிடையாது, அதனால் றொக் பிளவருக்கு அப்படி ஒரு குடித்தனக்காரர் இல்லை. எமது அனிமனியைக் கழற்றினால் ஒரு குடும்பத்தின் வீட்டைக் கழற்றுகிறோம். அந்தக் குடும்பத்தில் பெரியது பெண், அடுத்தது ஆண், மிச்சம் சின்னதுகள். கொட்டும் கொம்புகளுக்குள் ஓடி ஒளிய முடியாவிட்டால் அடுத்த பெரிய மீனுக்கு அவை இரை. அனிமனியும் சும்மா கழன்று வராது. இழுத்தால் பாதம் கிழியும், கிழிந்தது தொட்டியில் தேறுவது அபூர்வம். கல்லோடு உடைத்து எடுத்தால் முருகைக்கல்லை உடைத்த குற்றம், அதற்குச் சட்டம் இருக்கிறது.

இதைச் சொல்ல எமக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். நாமும் செய்தோம், அதுதான் தகுதி.

2021 இல் பாடசாலை மூடியிருந்த காலம். பிள்ளைகளுக்கு ஏதாவது காட்டலாம் என்று மூன்றடித் தொட்டி ஒன்று செய்தோம். தெரிந்த ஒருவரின் போட்டில் போய்க் கான்களில் கடல் தண்ணீர் எடுத்து வந்தோம். ஆவியாகிக் குறையும் தண்ணீருக்குப் பதிலாக வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினோம். வெங்காயமும் மிளகாயும் செய்யும் எமது மணல் நிலத்தில் பசளை நேராகக் கிணற்றுக்குத்தான் இறங்குகிறது என்றும், இங்குள்ள நிலத்தடி நீரில் நைத்திரேற்று அதிகம் என்றும் ஆய்வுகள் சொல்வதை நாமே வகுப்பில் படிப்பித்திருக்கிறோம். ஆனாலும் ஊற்றினோம். ஆவியாவது தண்ணீர் மட்டும்தானே, நைத்திரேற்று தொட்டியிலேயே தங்கிச் சேர்ந்துகொண்டு போனது. கண்ணாடி முழுக்கப் பச்சை அல்கா.

தொட்டிக்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை, அனிமனியும் இரண்டு நீமோவும் வந்துவிட்டன. நான்கு நாள் அனிமனி இடம் தேடி நடந்தது. ஐந்தாம் இரவு பம்பின் வாயில் சிக்கி ஒரு பக்கம் கிழிந்தது. பம்புக்கு வலை கட்ட வேண்டும் என்று அதற்குப் பிறகுதான் தெரிந்துகொண்டோம். எப்படியோ பிழைத்தது. பிள்ளைகள் கிழமைக்கு இரண்டு தரம் இறால் துண்டு கொடுப்பார்கள், அது மெதுவாகக் கைகூப்புவது போல மூடிக்கொள்ளும். அந்த அழகை மறுக்க மாட்டோம்.

பிறகு 2022 மார்ச் கடைசி. ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. ஜெனரேட்டருக்கு எண்ணெயும் இல்லை. வீட்டில் எல்லோரும் முறை வைத்து ஜக்கால் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றினோம், ஒட்சிசன் சேரட்டும் என்று. வெயிலில் தொட்டி சூடேறியது. இந்த உயிரினத்தின் உடலுக்குள் நுண்ணிய அல்கா குடியிருந்து, ஒளித்தொகுப்புச் செய்து அதற்கு உணவு கொடுக்கிறது. சூடு கூடினால் அந்த அல்காவை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகும். 1998 இலும் 2016 இலும் எமது பார் ரீப் முருகைக்கற்கள் வெளுத்துச் செத்ததும் இதே காரணத்தால்தான். அன்று கடலில் நடந்தது எமது முன் விறாந்தையில் நடந்தது. மூன்றாம் நாள் அதன் வாய் திறந்தபடியே கிடந்தது. அடுத்த நாள் சுபஹுக்கு எழும்பிப் பார்த்தால் தண்ணீர் பால் போல. அனிமனி அழுகினால் அமோனியா தொட்டி முழுவதையும் கொன்றுவிடும். இரண்டு நீமோவும் மேலே மிதந்தன. நாற்றம் இரண்டு நாள் போகவில்லை.

சின்ன மகள் கேட்டாள்: "வாப்பா, அது கடல்ல இருந்திருந்தா கரண்ட் தேவையில்லதானே?"

பூனையைக் கட்டி வைத்து, உணவும் கொடுக்காமல் அவிழ்த்தும் விடாமல் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸை எத்தனை ஜும்ஆவில் கேட்டிருக்கிறோம். அது பூனைக்கு மட்டும் என்று நினைத்துவிட்டோம் போல.

"இதெல்லாம் எப்படியும் கொஞ்ச மாதம்தான் இருக்கும் சேர், செத்தால் வேறொன்று போடலாம்" என்று சொல்பவர்களையும் பார்த்திருக்கிறோம். அது பிழையான கதை. ஸ்கொட்லாந்தில் ஜோன் டலியெல் என்ற இயற்கையியலாளர் 1828 இல் கரையில் எடுத்த ஒரு கடலனிமனி, கண்ணாடிச் சாடி ஒன்றில் 1887 வரை வாழ்ந்தது. எடுத்தவர் 1851 இல் இறந்தார், அது கைமாறிக் கைமாறி இன்னும் 36 வருடம் இருந்தது. 'கிரானி' என்று செல்லப் பெயர், நூற்றுக்கணக்கில் குஞ்சு போட்டது. பம்பும் இல்லை, எல்ஈடியும் இல்லை. குளிர்கடல் கரையில் வாழும் உறுதியான இனம் என்பது உண்மைதான். ஆனால் ஒழுங்காகக் கடல் தண்ணீர் மாற்றும் ஆட்கள் இருந்தார்கள், அதுவும் உண்மை. ஆகவே எமது தொட்டியில் ஒரு வருடம்கூட நிற்கவில்லை என்றால் அதன் ஆயுள் முடிந்தது என்று சொல்ல எமக்கு வாய் வரக் கூடாது.

தொட்டி வைப்பதே கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. வைக்கிறவர் அனிமனியைக் கடைசியாக யோசிக்கட்டும். ஆறு மாதமாவது தண்ணீர், கல், மணல் மட்டும் ஓடி நிலைக்க வேண்டும். உவர்ப்பு அடர்த்தி 1.025, வெப்பம் 25 முதல் 27 பாகை, இரண்டும் ஆடாமல் நிற்க வேண்டும். எமது வெயிலில் சில்லர் இல்லாமல் இது நடக்காது, கரண்ட் போனால் பற்றரியில் ஓடும் காற்றுப் பம்பும் வேண்டும். 2025 பெப்ரவரியில் ஒரு குரங்கால் நாடே இருண்டது நினைவிருக்கும்தானே. குறைகிற தண்ணீருக்கு ஆர்ஓ தண்ணீர், கிணறு வேண்டாம். சோளகம் எழும்பிக் கடல் கலங்கும் மாதங்களில் கடல் தண்ணீரும் எடுக்க முடியாது, உப்பு வாங்கிக் கலக்க வேண்டும். இவ்வளவும் கைவசம் இருந்தால் தொட்டியில் பிறந்த குஞ்சு ஒன்றைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் அனிமனி இல்லாத தொட்டியும் தொட்டிதான்.

சுழியோடும் தம்பிமாரிடம் ஒரு வார்த்தை. உங்கள் தொழிலில் நாம் கை வைக்கவில்லை, உங்கள் பிள்ளைகள் எம் வகுப்பில்தான் இருக்கிறார்கள். ஆனால் மீன் அடுத்த பருவத்தில் திரும்ப வரும் அந்த இடத்தை யாரோ ஒருவருடைய விறாந்தைக்காகக் கழற்றிக் கொடுத்தால், அடுத்த வருடம் அந்தக் கல்லில் உங்களுக்கே மீன் இல்லை. ஓடர் வந்தால் "அனிமனி இல்ல, மீன் மட்டும்" என்று சொல்லிப் பாருங்கள். எம்மைப் போன்றவர்கள் அதற்கு மேல் வற்புறுத்த மாட்டோம்.

குரல் பதிவு அனுப்பிய பிள்ளைக்கு இதெல்லாம் போனில் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு "சரி சேர், டைவருக்கு வேணாம் எண்டு சொல்றன். ஆனா தொட்டி வாங்க இரிக்கிறன்" என்றார்.

வாங்கத் தேவையில்லை. எமது மூன்றடித் தொட்டி இப்போது பழைய பயிற்சிக் கொப்பிகளோடு மூலையில் கிடக்கிறது, கண்ணாடியில் வெடிப்பு இல்லை. வந்து சும்மா எடுத்துக்கொண்டு போகலாம். ஆறு மாதம் கல்லும் தண்ணீரும் மட்டும்தான் என்ற நிபந்தனையோடு. மாதம் ஒரு தரம் வந்து பார்ப்போம்.